அடியில் எழுதிய இரண்டு பெயர்கள்

கேள்வி: ஆல்பகர்கியில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது நடந்த விற்பனையில் சின்னக் கருப்புப் பானை ஒன்று வாங்கினேன். கண்ணாடி மாதிரி பளபளப்பு. அதில் ஒரு பாம்பு மட்டும் மங்கலாகச் சுற்றி ஓடுகிறது. அடியில் 'மேரி, ஜூலியன்' என்று ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள். அசல்தானா? பூ வைக்கலாமா?
– ஒரு வாசகி, நியூ மெக்சிகோ

பதில்: பூவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அதற்குத்தான். தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள் அம்மா. அந்தப் பளபளப்பு பீங்கான் பூச்சு அல்ல, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. குறைந்த சூட்டில் வெந்த மண், ஈரத்தைக் குடித்துவிடும். என்னிடம் இருந்த ஒரு கிண்ணத்தை ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். துடைத்த இடம் வெளிறிப்போனது, திரும்பவில்லை. இன்றும் அதைப் பார்த்தால் மனசு அடித்துக்கொள்கிறது. உலர்ந்த மெல்லிய துணி போதும்.

அந்தப் பெயர்கள் நியூ மெக்சிகோவில் சான் இல்டெஃபான்ஸோ என்ற புவெப்லோ பழங்குடி ஊரைச் சேர்ந்த மரியா மார்ட்டினெஸ், அவர் கணவர் ஜூலியன் இருவருடையவை. சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாகத் திரித்து, அடுக்கடுக்காகச் சுற்றி எழுப்பி, சுரண்டி, மெருகேற்றுவது மரியாவின் வேலை. மெருகின் மேல் மண் கரைசலால் சித்திரம் எழுதியது ஜூலியன். நீங்கள் சொல்லும் பாம்பு அவான்யு, நீரின் நாகம். மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் கரைசல்தான், தேய்மானம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கருப்பு வந்த விதம்தான் எனக்கு எப்போதும் பிரமிப்பு. அது செம்மண் பானைதான். அப்படியே சுட்டு எடுத்தால் சிவப்பாக வரும். தீ நன்றாகப் பிடித்திருக்கும்போது பொடித்த குதிரை லத்தியைக் கொட்டி மூடிவிடுவார்கள். காற்று அடைபட்டு, புகைக்கரி மண்ணுக்குள் இறங்கி, கருத்துவிடும். கருப்பின் மேல் கருப்பாக எழுதும் இந்த முறையை இருவரும் கண்டடைந்தது 1919 வாக்கில்.

காலத்தைக் கணிக்கப் பெயர்களே உதவும். ஆரம்பத்தில் 'மேரி' மட்டும். சித்திரம் எழுதியவர் பெயர் பானையில் ஏற, 1925 வாக்கு வரை ஆனது. ஜூலியன் 1943இல் இறந்தார். பிறகு மருமகள் சந்தானா எழுதினார், 'மேரி, சந்தானா' என்று வரும். 1956 வாக்கிலிருந்து மகன் போபோவி தா. ஆகவே உங்கள் பானை அசலாக இருந்தால் 1925க்கும் 1943க்கும் நடுவே பிறந்தது.

அசலா என்று கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்தைப் பாருங்கள். சுடுமுன் எழுதியது பானையோடு சேர்ந்து கருத்திருக்கும். பின்னால் ஆணியால் கீறியது ஓரம் உதிர்ந்து வேறு நிறம் காட்டும். பிறகு, நம் ஊர்ச் சந்தையில் பானை வாங்கும்போது செய்வோமே, அதுபோல் விரலால் மெல்லச் சுண்டுங்கள். மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசலோ ஒட்டுவேலையோ இருக்கும்.

இன்னொன்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் பானைக்கும் நல்ல விலை வரட்டும் என்று கேட்டபோது, மரியா அவற்றிலும் தன் பெயரை எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். சேகரிப்பவர்கள் சிலர் இதைக் குறையாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்த அம்மாள் மீது மரியாதை கூடியது இதனால்தான்.

கேள்வி: மிம்ப்ரெஸ் கிண்ணம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நடுவில் ஓட்டை. வாங்கலாமா?
– ஒரு வாசகர், அரிசோனா

பதில்: வேண்டாம் ஐயா. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன், நியூ மெக்சிகோ பக்கம் வாழ்ந்த மிம்ப்ரெஸ் பழங்குடியினர் இறந்தவரைப் புதைக்கும்போது இப்படி அடியில் துளையிட்டு முகத்தின் மேல் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் அவை. பல, கல்லறைகளைத் தோண்டி எடுத்தவை. அரசு நிலத்திலோ பழங்குடி நிலத்திலோ அனுமதியில்லாமல் தோண்டியதை வாங்குவது 1979 சட்டப்படி குற்றமும்கூட. ஆகஸ்டில் சாந்தா ஃபே நகரில் நடக்கும் பழங்குடிக் கலைஞர்களின் சந்தைக்குப் போங்கள். 1922இல் தொடங்கியது. வனைந்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். மண் எங்கே எடுத்தீர்கள், மெருகுக்கல் யாருடையது என்று கேளுங்கள். பாட்டியின் கல் என்று எடுத்துக் காட்டுபவரும் உண்டு.