525 மடங்கு டெலஸ்கோப் வாங்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் மகள் டெலஸ்கோப் கேட்கிறாள். இருபதாயிரம் வரை செலவழிக்கலாம். 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று விற்கும் 60 மி.மீ. டெலஸ்கோப் சரிப்படுமா?

பதில்: வேண்டாம். அந்த டெலஸ்கோப்பின் 700 மி.மீ. குவிதூரத்தை (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸின், 4 மி.மீ. குவிதூரத்தால் வகுத்தால் 175. அதோடு பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கு சரிதான், காட்சிதான் வராது. லென்ஸ் எத்தனை மி.மீ. விட்டமோ அதைப்போல் இரண்டு பங்கு வரைதான் உருப்படியாகத் தெரியும், 60க்கு 120. அதற்கு மேல் போனால் வியாழன் கலங்கிய உருண்டையாக நடுங்கும். கூட வரும் ஒல்லி முக்காலியில் கை பட்டால் அதுவும் ஓடிவிடும்.

விட்டத்துக்குக் காசு கொடுங்கள். முன்பக்க லென்ஸுக்குப் பதில் 114 மி.மீ. குழிக்கண்ணாடி வைத்த நியூட்டோனியன் டெலஸ்கோப், 60 மி.மீ. லென்ஸைவிட மூன்றரை மடங்கு ஒளி சேர்க்கும். மேசைமேல் வைத்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் திருப்பும் டாப்சோனியன் வகையாகக் கேளுங்கள். துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்துப் பொருத்தும் ஈக்வடோரியல் ஸ்டாண்ட் வேண்டாம். நம் பக்கம் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் முடிந்தது கதை.

நான் நியூட்டோனியன் சொல்வதற்கு டெல்டா பனியும் ஒரு காரணம். மார்கழி, தையில் முன்பக்க லென்ஸ் சீக்கிரமே வியர்த்துப்போகும். நியூட்டோனியனில் கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஃபேன் காற்றில் தானாக உலரட்டும். துண்டால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

மொட்டைமாடித் தளம் பகல் சூட்டை ராத்திரியும் கக்கிக்கொண்டிருக்கும், படம் அலையடிக்கும். கொல்லைதான் நல்லது. பம்புசெட் தொட்டிச் சுவர் அகலமாக இருந்தால் அதன்மேல் வைக்கலாம், மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கே போய்விடும். தை பிறந்ததும் 25 மி.மீ. ஐபீஸில் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்திலிருந்து தொடங்குங்கள். உச்சிக்குப் பக்கமாக வந்தால் டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு. கொஞ்சம் சாயும்வரை பொறுங்கள். மே மாதம் பத்து மணி வாக்கில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து வரும். லண்டனில் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. கோடியக்கரைக் கடலோரத்தில் தெற்கு திறந்து கிடப்பதால் இன்னும் வசதி.

அப்புறம், பெட்டியில் ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் இருந்தால் மகள் கையில் கிடைப்பதற்குள் தூக்கிப் போட்டுவிடுங்கள். குவிந்த வெயிலில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.