செக் புத்தகம் கைக்கு வந்ததும் பொருளாளர் செய்ய வேண்டியவை

கேள்வி: சென்னையில் 48 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு (பதிவானது) என்னைப் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள். முந்தையவர் ஒரு பை நிறைய ரசீதும், ஐந்து தாளில் செயலாளர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட செக் புத்தகமும் தந்தார். லிஃப்ட் கண்ட்ரோலர் (லிஃப்டை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) மாற்றும் வேலையைத் தன் மைத்துனர் கம்பெனிக்கே கொடுக்கலாம் என்கிறார் செயலாளர். எங்கே தொடங்குவது?

பதில்: அந்த ஐந்து செக்கில் தொடங்குங்கள். குறுக்கே 'ரத்து' என்று எழுதி, எண்களைக் குறித்து, புத்தகத்திலேயே வையுங்கள். "ஊருக்குப் போறேன், அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று போட்டுவைக்கும் கையெழுத்தால் இருவர் கையெழுத்து விதிக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிய, மற்றவர் ஒப்புதல் தரும் வசதி உண்டு. வங்கியில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, பொறுப்பேற்ற தேதியில் வங்கி இருப்பு, இன்னும் பாஸாகாத செக்குகள், கையிலுள்ள ரொக்கம், வைப்பு ரசீதுகள், வீடுவாரியாக பாக்கி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, பழைய பொருளாளரும் நீங்களும் கையெழுத்திடுங்கள். வைப்பு ரசீதில் யாருடைய பான் எண் இருக்கிறது என்று பாருங்கள். தனிநபர் எண் இருந்தால் வட்டி அவர் வருமானக் கணக்கில் போய் உட்காரும். 'உறுப்பினர் பணம்தானே' என்று வட்டிக்கு விலக்கும் கேட்க முடியாது. பெங்களூர் கிளப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்துவிட்டது.

ஜிஎஸ்டியில் குழப்பம் அதிகம். வீட்டுக்கு மாதம் 3,500 என்றால் ஆண்டு வசூல் 20,16,000. பதிவு வரம்பான இருபது லட்சம் தாண்டியதே என்று பதறி வரி வசூலிக்க வேண்டாம். மாதம் 7,500 வரையிலான பராமரிப்புத் தொகைக்கு விலக்கு உண்டு. ஆனால் மொட்டை மாடியில் செல்போன் டவர் வைத்து வாடகை வாங்குகிறீர்களா? விலக்குள்ள வசூலும் மொத்த வரவில் சேரும் என்பதால், டவர் வாடகை சிறு தொகையாக இருந்தாலும் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டிவரலாம். கணக்காளரிடம் இதை மறக்காமல் கேளுங்கள்.

ஒப்பந்ததாரர் பில் ஒன்று 30,000ஐத் தாண்டினாலோ, ஆண்டுத் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும்: தனிநபருக்கு 1, கம்பெனிக்கு 2 சதவீதம். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டுங்கள். மார்ச் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. லிஃப்ட் பில்லில் நினைவு வரும். வாட்ச்மேன் ஏஜென்சி பில்லில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி.

மைத்துனர் தாராளமாக கொட்டேஷன் தரலாம்; வேறு இரண்டு கம்பெனியிடமும் வாங்குங்கள். செயலாளர் உறவைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது எழுந்து வெளியே போக வேண்டும். இரண்டும் மினிட்ஸில் ஏற வேண்டும். கார்ப்பஸில் (சங்கத்தின் சேமிப்பு நிதியில்) கை வைப்பதானால், துணைவிதி கேட்கிற பொதுக்குழு ஒப்புதல் வேலைக்கு முன்பே வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள்: கண்ட்ரோலர், டிராவலிங் கேபிள் (லிஃப்ட் கூண்டோடு சேர்ந்து நகரும் மின்கம்பி), கரண்ட் போனால் அருகிலுள்ள தளத்தில் நிறுத்திக் கதவு திறக்கும் ஏஆர்டி கருவி, அதன் பேட்டரி, உத்தரவாத காலம். கேபிளை விட்டுவிட்டு விலை குறைத்துக் காட்டுபவர், பிறகு 'எக்ஸ்ட்ரா' பில்லோடு வருவார். சில கண்ட்ரோலர்களுக்கு அந்தக் கம்பெனியின் பாஸ்வேர்டோ கருவியோ இல்லாமல் வேறு யாரும் சர்வீஸ் செய்ய முடியாது. ஆண்டுப் பராமரிப்புக்கு அவர்களையே சார்ந்திருக்க வேண்டிவரும். பாஸ்வேர்டு சங்கத்துக்குத் தரப்படும் என்று ஆர்டரிலேயே எழுதி, அது கைக்கு வந்து லிஃப்ட் ஒரு மாதம் ஓடும்வரை கடைசி 20 சதவீதத்தைப் பிடித்துவையுங்கள்.