தூர்வாருவதற்கு முன் கணக்கெடுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டி 20 ஹெக்டேரில் ஓர் ஏரி இருக்கிறது. ஆழம் சராசரியாக 2 மீட்டர் இருக்கலாம். வெயில் காலத்தில் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. சில நாள் காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஆகாயத்தாமரையை எத்தனை முறை அள்ளினாலும் திரும்ப வந்துவிடுகிறது. குழு அமைத்து நிதி திரட்டியிருக்கிறோம். தூர்வாரி, கரைக்குச் சுவர் கட்டி, நடைபாதை போடலாம் என்று பலரும் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு மழைக்காலம் முடியும்வரை அந்த நிதியில் பெரும்பகுதியைத் தொடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஏரிக்குள் அளவுக்கு மீறிச் சேரும் ஊட்டச்சத்து, அதிலும் குறிப்பாகப் பாஸ்பரஸ். அது கழிவுநீரிலும் உரத்திலும் அரித்துவரும் மண்ணிலும் வருகிறது. அது வரும் வழி திறந்திருக்கும்வரை, உள்ளே செய்யும் வேலை எதுவும் நிலைக்காது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம்தான் பாசி மண்டியது.

எனவே முதல் வேலை வரைபடம். எந்தெந்த நிலத்தில் விழும் மழை உங்கள் ஏரிக்கு வருகிறது என்று நீர்ப்பிடிப்பு எல்லையைக் குறியுங்கள். நில வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். கட்டடங்கள் நிறைந்த இடத்தில் சாலையும் வடிகாலும் தண்ணீரின் திசையையே மாற்றியிருக்கும். பலத்த மழை பெய்யும்போது குடையோடு நடந்து பார்த்துத்தான் உண்மையான எல்லையைக் கண்டுபிடிக்க முடியும். ஏரியில் விழும் ஒவ்வொரு வாய்க்காலையும் குழாயையும் எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் வரும் வழியைத் தனியாகக் குறியுங்கள். அதில் கழிவுநீர் வருகிறது என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 1,000 கன மீட்டர். அதில் எவ்வளவு ஓடி வரும் என்பது நிலத்தைப் பொறுத்தது: கூரையிலும் சாலையிலும் பெரும்பகுதி, மரங்கள் அடர்ந்த நிலத்தில் சிறு பகுதி. உங்கள் ஏரியின் கொள்ளளவு சுமார் 4 லட்சம் கன மீட்டர். ஆண்டுக்கு 8 லட்சம் கன மீட்டர் வந்து வெளியேறினால், நீர் முழுதும் மாறச் சராசரியாக ஆறு மாதம் ஆகும். இந்தக் காலம் நீளும் அளவுக்கு மாசும் தங்கும்.

ஒவ்வொரு வழியிலும் நீரோட்டத்தையும் பாஸ்பரஸ் அளவையும் அளந்து இரண்டையும் பெருக்குங்கள். இந்தப் பெருக்கலைத்தான் பலரும் செய்வதில்லை. நொடிக்கு 50 லிட்டர் ஓடும் ஓடையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால், நாளொன்றுக்கு 864 கிராம் உள்ளே வருகிறது. நொடிக்கு வெறும் 5 லிட்டர் கசியும் சாக்கடையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால்? அதே 864 கிராம்தான். யாரும் கவனிக்காத அந்தச் சிறு குழாயைத் திருப்பிவிடுவது ஓடையைச் சீராக்குவதைவிட எளிது. உங்கள் முதல் செலவு அநேகமாக அங்கேதான் போக வேண்டும். மழை தொடங்கியவுடன் வரும் முதல் வெள்ளத்திலும் மாதிரி எடுங்கள். தெருவில் சேர்ந்த அழுக்கை அதுதான் அடித்துவரும்.

ஏரிக்குள் செய்யும் அளவீடு எளிது. 20 செ.மீ. குறுக்களவுள்ள, கறுப்பு வெள்ளையாக வண்ணமடித்த, நீரின் தெளிவை அளக்க உதவும் செக்கி தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று வாரந்தோறும் குறித்து வையுங்கள். கரைந்த ஆக்சிஜனைச் சூரிய உதயத்துக்கு முன் அளக்க வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவே உறிஞ்சிவிடும். உங்கள் மீன்கள் காலையில் மிதப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மதியம் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, தூர்வாரவே வேண்டாமா? அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் கலந்துவந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். அடிமண்ணைத் தொடாமலே ஏரி தெளிந்தது. ஆனால் அது மிக ஆழமான ஏரி. உங்களுடையதைப் போல ஆழமில்லாத ஸ்வீடனின் டிரம்மன் ஏரியில் 1950-களின் இறுதியில் கழிவுநீரை நிறுத்திய பிறகும் பாசி குறையவில்லை. பல ஆண்டுகளாக அடிச்சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ் மீண்டும் மீண்டும் நீரில் கலந்துகொண்டிருந்தது. 1970, 71-இல் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் மாற்றம் வந்தது. உங்கள் ஏரிக்கும் தூர்வாருதல் தேவைப்படலாம். ஆனால் வரத்தைச் சுத்தம் செய்த பிறகே அதற்கு முறை வரும். எத்தனை ஆழம் எடுப்பது என்பதைச் சேற்று மாதிரிகளின் பரிசோதனை சொல்லட்டும். கண்ணை மூடிக்கொண்டு தோண்டினால், நீரைத் தாங்கி நிற்கும் களிமண் அடுக்கு உடைந்து தண்ணீர் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. எடுத்த சேற்றில் கன உலோகங்கள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் வயலுக்குக் கொடுக்காதீர்கள்.

கரைச்சுவர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். கட்டுமானம் பாதுகாப்புக்கு அவசியமான இடங்களை விட்டுவிட்டு மற்ற விளிம்பெல்லாம் சரிவாக, ஆழமில்லாமல் இருக்கட்டும். கோரையும் நாணலும் வேரூன்றுவதும் பல மீன்கள் முட்டையிடுவதும் பறவைகள் இரை தேடுவதும் அங்கேதான். செங்குத்துச் சுவர் எழுப்பினால் அந்த ஏரியின் பாதி உயிர் போய்விடும். கரைக்கு வெளியேயும், வரும் ஓடைகளின் இருபுறமும், உள்ளூர்ச் செடிகொடிகள் அடர்ந்த நிலப்பட்டையை விட்டுவையுங்கள். ஓடிவரும் மண்ணை அது பிடித்து நிறுத்தும். கலங்கலை, அதாவது ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழிந்து வெளியேறும் தடுப்பை, உயர்த்தி அதிக நீர் தேக்கலாம் என்று யாராவது சொன்னால், மேல்பகுதி வீடுகளும் வயல்களும் மூழ்குமா என்று பொறியாளரிடம் கணக்குக் கேளுங்கள். ஆகாயத்தாமரையை அள்ளுவதைத் தொடருங்கள். அள்ளியதைக் கரையிலேயே குவித்துவைத்தால் அழுகிச் சத்தெல்லாம் திரும்ப ஏரிக்கே போகும். வெகுதூரம் கொண்டுபோய் உரமாக்குங்கள்.

நடைபாதை கடைசியில் வரட்டும். அதிக மழை பெய்த ஆண்டின் நீர்மட்டத்தைக் குறித்து, அதற்கும் வெளியே அமையுங்கள். நிதியில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்குங்கள். வாய்க்கால் ஏரியில் சேரும் இடங்களில் வண்டல் பொறிகளை, அதாவது ஓடிவரும் மண் உள்ளே போகாமல் படியவைக்கும் குழிகளை, அமைப்பீர்கள்; அவற்றை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் காலி செய்ய வேண்டியிருக்கும். யார் செய்வார்கள், எந்த மாதத்தில், எந்தப் பணத்தில் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.