தொழில்நோய்: வைத்தியச் செலவும் ஈமச்செலவும் – வாசகர் கேள்விகள்

ஃபவுண்டரியில் வேலை பார்த்த கணவர் சிலிகோசிஸில் (சிலிகா தூசியால் வரும் நுரையீரல் நோய்) இறந்தார். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) ஈமச்செலவு 15,000 ரூபாய் வந்துவிட்டது. இனி எதுவும் இல்லையாமே?

யார் சொன்னது? ஈமச்செலவு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் கொடுப்பது. தொழில்நோயால் இறந்தால் சார்ந்தோர் பயன் தனியாக உண்டு. சம்பளத்தில் சுமார் 90 சதவீதத்தைக் குடும்பத்தாருக்குப் பங்கிட்டு மாதாமாதம் தருவார்கள். படிவம் 15 போடுங்கள்.

ஈமச்செலவை யார் கேட்கலாம்?

குடும்பத்தில் மூத்தவர். குடும்பம் இல்லையென்றால், உண்மையில் செலவு செய்தவர். படிவம் 22, மூன்று மாதத்துக்குள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கல் கிரஷரில் 12 வருடம். ஆஸ்பத்திரி சீட்டில் டி.பி. என்று எழுதியிருக்கிறார்கள். இழப்பீடு போச்சா?

போகவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. எக்ஸ்ரேயில் சிலிகோசிஸும் டி.பி.யும் ஒன்றுபோலத் தெரியலாம். என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. சளியில் கிருமி இல்லாமலே ஆறு மாத மாத்திரை, மூச்சிரைப்பு நிற்காவிட்டால் மறுபடியும் ஒரு சுற்று. அதற்குள் ஃபைல் முழுக்க டி.பி. என்றே ஆகிவிடும். சாதாரண நோய் என்று பதிந்தால் இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள்; டி.பி.க்கு நீட்டிப்பு கிடைத்தாலும் 80 சதவீதம்தான், அதற்கும் காலவரம்பு உண்டு. தொழில்நோய் என்று பதிந்தால் 90 சதவீதம், வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதும். சிலிகா தூசி தின்ற நுரையீரலில் டி.பி. எளிதில் பிடிக்கும், சிலிகோசிஸோடு சேர்ந்த டி.பி.யும் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. எனவே முதல் ஓ.பி. சீட்டிலேயே என்ன வேலை, எத்தனை வருடம், என்ன தூசி என்று எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம், சளிப் பரிசோதனை முடிவு இரண்டின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். இ.எஸ்.ஐ.யில் முடிவு சொல்வது சிறப்பு மருத்துவக் குழு. அதன் முன் பேசுவது இந்தக் காகிதங்கள்தான்.

எங்கள் யூனிட்டுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. மருந்துச் செலவு யார் தலையில்?

முதலாளி தலையில். உண்மையான மருத்துவச் செலவு முழுவதும், உச்சவரம்பு இல்லாமல். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு 2009-இல் வந்த திருத்தம் அப்படிச் சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. பில் இல்லாத செலவைக் கேட்க முடியாது. கான்ட்ராக்டர் கைவிரித்தால் வேலை கொடுத்த பெரிய கம்பெனியையும் சேர்த்தே மனுப் போடுங்கள்.

பேட்டரி யூனிட்டில் ஈயத்தால் நோய். இழப்பீடு கேட்க எத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும்?

தொடர்ந்து ஆறு மாதம். ரத்தத்தில் ஈய அளவு பார்த்த ரிப்போர்ட் வேண்டும்.

அண்ணனுக்கு எவ்வளவு கிடைக்கும்?

என்ன வேலை, என்ன நோய், என்ன சம்பளம், இ.எஸ்.ஐ. உண்டா? ஒன்றும் எழுதாமல் தொகை கேட்டால் எப்படி? முழு விவரத்தோடு எழுதுங்கள். அதற்குள் முதலாளி நீட்டும் வெற்றுத்தாளில் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.