பல்லவிக்குப் பெயர்பெற்ற பட்டம்மாள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் ராகம், தானம், பல்லவி பாடிய முதல் பெண்மணி டி.கே.பட்டம்மாள்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். அவருக்கு முன்பு வேறெந்தப் பெண்ணும் பாடவில்லையா? பல்லவி பாடுவது அப்படியென்ன செயற்கரிய செயல்?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: ‘முதல்’ என்ற பட்டத்தைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். பட்டம்மாள் பிறந்த 1919-ஆம் ஆண்டுக்கு முன்பே பாடகி கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டுகள் வெளிவந்துவிட்டன. பெங்களூர் நாகரத்தினம்மாள் மேடைகளில் புகழோடு விளங்கினார். வீணை தனம்மாளின் வாசிப்பைக் கேட்க வித்துவான்களே அவர் வீடு தேடிச் சென்றார்கள். இசையையே குலச்சொத்தாகக் கொண்டிருந்த அந்தக் குடும்பங்களின் பெண்களுக்குப் பல்லவி தெரியாது என்று சொன்னால் அது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. பட்டம்மாள் முதல்வராக நிற்கும் இடம் வேறு. பிராமணக் குடும்பத்துப் பெண் நாலு பேர் முன்னிலையில் பாடுவதே கூடாது என்றிருந்த காலத்தில், 1932-இல், சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் அவர் தம் முதல் பொதுக் கச்சேரியைச் செய்தார். அவருடைய தாயார் நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால் வெளியார் முன்பு வாய்திறக்க வீட்டு ஆசாரம் இடங்கொடுக்கவில்லை. அதே வீட்டில் பிறந்த மகள் பத்து வயதிலேயே சென்னை மாநகராட்சி வானொலியில் பாடிவிட்டார் என்பதை நினைத்துப் பார்த்தால், இடையில் எத்தனை பெரிய வேலி தாண்டப்பட்டது என்பது விளங்கும்.

இனிப் பல்லவிக்கு வருவோம். ராகத்தை விரிவாக ஆலாபனை செய்து, அசைகளைத் துடிப்போடு கோத்துப் பாடும் தானத்தையும் முடித்த பிறகு, பல்லவி எனப்படும் ஒரே ஒரு வரிச் சாகித்தியத்தைத் தாளத்தில் அமைத்து எடுத்துக்கொள்கிறார் பாடகர். நான்கு களை ஆதி தாளமென்றால், எட்டு எண்ணிக்கைகளிலும் நான்கு நான்காக முப்பத்திரண்டு உட்பிரிவுகளில் அந்த வரி நிதானமாக நடக்கும். அருதி என்னும் நிறுத்தம் குறித்த தட்டில் வந்து விழுந்தாக வேண்டும். பிறகு கை போடும் தாளம் சற்றும் மாறாதிருக்க, அதே வரியை இரண்டாம் காலத்தில் இருமுறையும், மூன்றாம் காலத்தில் நான்கு முறையும், திஸ்ரமாக்கி, அதாவது மூன்றின் நடைக்கு மாற்றி, மும்முறையும் ஓர் ஆவர்த்தனத்துக்குள், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்குள் பாடி, எடுத்த இடத்துக்கே வந்து சேர வேண்டும். இதற்கு அனுலோமம் என்று பெயர். மனத்துக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது குரலில் ராகத்தின் சாயல் கலையாதிருக்க வேண்டுமே, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். லயக் கணக்கெல்லாம் ஆண்பிள்ளைகளின் துறை, பெண்களுக்கு இனிமையான பாட்டுகள் போதும் என்ற எண்ணம் அக்காலத்துச் சபைகளில் வெளிப்படையாகவே இருந்தது. அந்த எண்ணத்துக்குப் பட்டம்மாள் மேடையிலேயே பதில் சொன்னார். ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயர் அதனால் ஏற்பட்டது.

இந்தப் பிடிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், காஞ்சிபுரத்திலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். லயத்தில் நிகரற்றவரெனப் பெயர் பெற்ற நாயனாப் பிள்ளையின் ஊர் அது. மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் எனத் தாளப் பக்கவாத்தியங்களை வரிசையாக அமர்த்திக்கொண்டு அவர் செய்த ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளைச் சிறுமியாக இருந்தபோதே கேட்டு வளர்ந்தவர் பட்டம்மாள். அவரையே மானசீக குருவாக வரித்துக்கொண்டவர். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்த பாலக்காடு மணி ஐயர், பிற்காலத்தில் பட்டம்மாளுக்கு மிருதங்கம் வாசித்தார். பட்டம்மாளின் மகன் மணி ஐயரின் மகளை மணந்ததால் இருவரும் சம்பந்திகள் ஆனதும் இதற்கு ஒரு காரணம் என்பார்கள். உறவு வாசலைத் திறந்திருக்கலாம். லயம் இல்லாத பாட்டுக்கு மணி ஐயரின் கை இசைந்திருக்காது என்பது என் துணிபு.

கேள்வி: பட்டம்மாள் சினிமாவில் பாடியது அவருடைய மேடைக் கௌரவத்தைப் பாதித்ததா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: பாதிக்கவில்லை. காதல் பாட்டுகளைப் பாடுவதில்லை என்று அவர் தொடக்கத்திலேயே எல்லை வகுத்துக்கொண்டார். தேசபக்திப் பாடல்களையும் பக்திப் பாடல்களையும் மட்டுமே ஏற்றார். 1939-இல் வந்த ‘தியாகபூமி’யில் ஒலித்த ‘தேச சேவை செய்ய வாரீர்’ அவர் குரல்தான். ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ பாட்டை அவர் பாடினார். சுதந்திரம் அடைந்துவிட்டதாகப் பாடும் அந்தப் பாட்டு திரையரங்குகளில் ஒலித்தது 1947 ஜனவரியில், அதாவது சுதந்திரத்துக்கு ஏழு மாதங்கள் முன்னதாக. பாரதி பாடல்களைக் கச்சேரி மேடைக்குரியவையாக நிலைநிறுத்தியதில் அவர் பங்கு பெரிது.

கேள்வி: எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.எல்.வசந்தகுமாரி இருவரையும் விரும்பிக் கேட்கிறேன். பட்டம்மாளின் பாட்டில் எனக்கு அத்தனை ஈடுபாடு உண்டாகவில்லை. எங்கே தொடங்கலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் தயக்கம் புரிகிறது. சுப்புலட்சுமியின் குரல் முதல்முறை கேட்கும்போதே நம்மை ஆட்கொள்ளும். வசந்தகுமாரியின் பிருகாக்கள், அந்த மின்னல்வேக ஸ்வரக் கோவைகள், வியக்க வைக்கும். பட்டம்மாளுடையது தாழ்ந்த சுருதியில் நிற்கும் கனத்த குரல்; அலங்காரத்துக்காக அது எங்கும் ஓடுவதில்லை. ஆகவே கச்சேரியின் பிற்பகுதியில் வரும் சிறு பாட்டுகளான துக்கடாக்களைக் கேட்டு அவரை எடைபோட வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் தொடங்குங்கள். தீட்சிதர் பரம்பரையைச் சேர்ந்த அம்பி தீட்சிதரிடமும், பின்னர் நீதிபதியாக விளங்கிய டி.எல்.வெங்கடராம ஐயரிடமும் முறையாகப் பாடம் செய்தவர் என்பதால், அவருடைய பாடாந்தரத்தை, அதாவது அவர் பாடிய வடிவத்தை, இன்றும் வித்துவான்கள் ஆதாரமாகக் கொள்கிறார்கள். பைரவி ராகத்து ‘பாலகோபால’ கிருதியை எடுத்துக்கொண்டு, கையில் தாளம் போட்டபடி கேட்டுப் பாருங்கள். சௌக்க காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், தொடங்கும் அந்த நடை, தொடங்கிய வேகத்திலேயே இறுதிவரை நிற்பதும், ஸ்வரத்தின் அசைவான ஒவ்வொரு கமகமும் அதற்குரிய கால அளவை முழுமையாகப் பெறுவதும் உங்கள் விரல்களுக்கே தெரிந்துவிடும். தமிழில் வேண்டுமென்றால், கர்நாடக தேவகாந்தாரி ராகத்தில் சுத்தானந்த பாரதியாரின் ‘எப்படிப் பாடினரோ’ இருக்கிறது. அந்தப் பாட்டைப் பரவலாக்கியவரே அவர்தான்.

1970-இல் சங்கீத கலாநிதி, 1998-இல் பத்மவிபூஷண் என்று விருதுகள் வந்தன. அவரிடமே பாடம் கேட்டு உடன் பாடிய தம்பி டி.கே.ஜெயராமனும் 1990-இல் சங்கீத கலாநிதி ஆனார். பாலகோபாலவுக்குப் பிறகு, அதே கிருதியை ஜெயராமன் பாடியது கிடைத்தால் அதையும் கேளுங்கள். ஒரே பாடம் இரண்டு குரல்களில் எப்படி நிற்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.