நாற்பது குரலும் ஒரு பாட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலேய இசையமைப்பாளர் தாமஸ் தாலிஸின் ‘ஸ்பெம் இன் ஏலியம்’ என்ற லத்தீன் பாட்டை யூடியூபில் கேட்டேன். நாற்பது குரலாம், ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டு! முன்னால் ஒருவர் நின்று கையசைக்கிறார், எல்லோர் கையிலும் முழு நொட்டேஷன். 1570 வாக்கில் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்? (வாசகி, திருச்சி)

பதில்: எல்லாக் குரலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய நொட்டேஷன் அந்தக் காலத்துப் பாடகரிடம் பொதுவாக இருக்காது. அவரவர் குரல் மட்டும் எழுதிய தனிப் புத்தகம், தாளத்தைக் கட்டம் பிரிக்கும் கோடுகூட இல்லாமல். இல்லையென்றால் ஒரே பெரிய புத்தகத்தை விரித்து வைத்து, இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக எழுதிய குரல்களைச் சுற்றி நின்று பார்த்துப் பாடுவார்கள். பக்கத்து ஆள் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று காதால்தான் பிடிக்க வேண்டும். காலம் காட்ட ஒருவர் கையை மேலும் கீழும் போடுவார், அதற்கு ‘டாக்டஸ்’ என்று பெயர். நிதானமாக மூச்சு விடுகிறவரின் நாடித்துடிப்புதான் அளவு என்று 1496-ல் இத்தாலிய இசை அறிஞர் கஃபூரியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்று. பாட்டு வந்து முடிகிற இடங்களில் ஒரு சுரத்தை அரைச்சுரம் ஏற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள், பாடுகிறவருக்கே தெரிந்திருக்க வேண்டும். நம் கீர்த்தனைப் புத்தகத்தில் சுரம் இருக்கும், கமகத்துக்குக் குருவிடம் போக வேண்டும், அது மாதிரி. இன்றைய பதிப்பாசிரியர்கள் அந்தக் குறியைச் சுரத்துக்கு மேலே தங்கள் யூகமாகப் போடுகிறார்கள், அதனால்தான் ஒரே பாட்டு இரண்டு சிடியில் ஒரே இடத்தில் வேறுமாதிரி கேட்கும்.

சரி, தாலிஸுக்கு வருவோம். ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழு. ஒரு குரல் தொடங்க, மற்றவை ஒவ்வொன்றாகச் சேர, பாட்டு குழுவுக்குக் குழு நகர்ந்துகொண்டே போகும். கடைசிக் குழுவில் இருப்பவர் வெகுநேரம் வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். சுரத்தைவிட இந்த எண்ணிக்கைதான் காலை வாரும். முடிவுக்கு முன் சட்டென்று ஒரு மௌனம், அப்புறம் ‘ரெஸ்பிசே’ (‘பார்த்தருள்’) என்று நாற்பது பேரும் ஒரே நொடியில் எடுப்பார்கள். கை காட்ட ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து அங்கேதான்.

கேள்வி: இடைக்கால ஐரோப்பியப் பாட்டுக்குப் பக்கவாத்தியம் உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: 1970-களில் இந்தப் பழைய பாட்டுகளைப் பாடிய குழுக்கள் கையில் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் சேர்த்து வாசித்தார்கள், கேட்க ஜோராகத்தான் இருக்கும். 1980-ல் ஆங்கிலேய இசை ஆய்வாளர் கிறிஸ்டோபர் பேஜ் தொடங்கிய காதிக் வாய்சஸ் குழு, பிரெஞ்சுக் காதல் பாட்டுகளை வெறும் குரலிலேயே பாடிக் காட்டியது. என் ஓட்டு பேஜுக்கு.