இரத்தம் பாயும்போது கயிற்றைத் தேடாதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. போன மாதம் ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போது கொக்கத்தடியில் கட்டியிருந்த கத்தி கழன்று விழுந்து இடது முன்னங்கையை ஆழமாக வெட்டிவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. மாமி கோப்பித்தூள் வைத்தார். பக்கத்து வளவு அண்ணன் முழங்கைக்கு மேலே நைலோன் கயிற்றால் கட்டினார். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது, தண்ணீர் கேட்டார், சோடா கொடுத்தோம். ஓட்டோக்காரர் தனக்குத் தெரிந்த இடம் என்று ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனார். தையல் போட்டு, ஏற்பூசியும் (ரெட்டனஸ் தடுப்பூசி) போட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது விரலை இழுக்கும் தசைநாண் அறுந்திருந்தது, சத்திரசிகிச்சை செய்தார்கள். நாங்கள் எங்கே பிழை விட்டோம்? மேலே கட்டியது சரியா? குடிக்கக் கொடுக்கலாமா?
(கரவெட்டி வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் கோப்பித்தூளை விட, சோடாவை விட, அந்தக் கயிறுதான் என்னை உறுத்துகிறது. அதற்கு வருகிறேன். முதலில், அந்த நிமிடத்தில் செய்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அழுத்த வேண்டும். அவ்வளவுதான். வீட்டில் தோய்த்து வைத்த பருத்தித் துணி, துவாய், வேட்டித் துண்டு, எது அகப்பட்டாலும் நாலாக மடித்து, இரத்தம் வரும் இடத்துக்கு நேர் மேலே வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால், உங்கள் முழங்கையை நீட்டி, உடல் பாரத்தோடு அழுத்துங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள், 10 நிமிடம். இடையில் துணியைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. எல்லோரும் பார்ப்பார்கள். குழந்தை நித்திரையா என்று எட்டிப் பார்க்கப்போய் அதை எழுப்பிவிடுவது போல, உறையத் தொடங்கிய இரத்தத்தை நாமே கலைத்துவிடுகிறோம். துணி நனைந்து ஊறினால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். கண்ணாடியோ கம்பியோ உள்ளே குத்தி நின்றால் இழுக்காதீர்கள், அதன் இரு பக்கமும் அழுத்துங்கள்.

நான் 30 வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்தவள். 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், கட்டுத்துணிக்கே தட்டுப்பாடு. பழைய வேட்டியைக் கிழித்து அவித்துக் கட்டினோம். ஒருநாள் லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். தொடையில் ஆழமான வெட்டு. பக்கத்தில் அவளுடைய தமையன், 12 வயது இருக்கும், தன் பள்ளிக்கூடச் சேட்டைச் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டே வந்திருக்கிறான். பள்ளம் திட்டியில் வண்டி குலுங்கினாலும் விடவில்லை. கையை எடு தம்பி என்றால் எடுக்க முடியவில்லை, விரல்கள் விறைத்துவிட்டன. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன். அந்தப் பிள்ளை பிழைத்தாள். அவனிடம் கயிறும் இல்லை, மருந்தும் இல்லை.

இனிக் கயிறு. முழங்கைக்கு மேலே கட்டினால் இரத்தம் நிற்கும் என்று நம்புவது பாம்புக்கடியிலிருந்து வந்த பழக்கம். பாம்புக்கடிக்கே இறுக்கிக் கட்டுவது பிழை. காயத்துக்குக் கட்டினால் நடப்பது இதுதான்: கையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் நாளங்கள் மெல்லியவை, அவற்றில் அமுக்கம் குறைவு, அரைகுறையாகக் கட்டினாலே அடைபட்டுவிடும். இதயத்திலிருந்து கைக்கு வரும் நாடிகள் தடித்தவை, அரைகுறைக் கட்டுக்கு அவை அடைபடாது. ஆக இரத்தம் உள்ளே வரும், திரும்பிப் போகாது. கை நீலம் பாய்ந்து வீங்கும், காயத்தால் முன்னை விடக் கூடுதலாகக் கொட்டும். உங்கள் அப்பாவுக்குக் கட்டிய பிறகுதான் இரத்தம் கூடியது என்று மாமி சொல்லியிருந்தால் அது சரிதான். மெல்லிய நைலோன் கயிறு நரம்பையும் நசுக்கும்.

ஆனால் கட்டியே ஆக வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. இதை நிதானமாக வாசியுங்கள், ஏனென்றால் பாதி வாசித்தவர்கள்தான் கூடுதல் சேதம் செய்கிறார்கள். கையோ காலோ துண்டாகிப் போனால், அல்லது முழுப் பலத்தோடு அழுத்தியும் இரத்தம் பீறிட்டுக்கொண்டே இருந்தால், அல்லது கால் வாகனத்துக்கு அடியில் சிக்கிக் காயத்துக்குக் கை எட்டாவிட்டால், அப்போது கட்டலாம். கைக்கும் காலுக்கும் மட்டும். கழுத்துக்கோ வயிற்றுக்கோ கிடையாது. கயிறு, கம்பி, சப்பாத்து நாடா எதுவும் கூடாது. சால்வையை மூன்று விரல் அகலத்துக்கு மடியுங்கள். காயத்துக்கு மேலே, இதயப் பக்கமாக, நாலு விரல் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். மூட்டின் மேல் சுற்றக்கூடாது. மூட்டு வந்தால் அதற்கும் மேலே போங்கள். ஒரு முடிச்சுப் போட்டு, அதில் ஒரு அகப்பைக் காம்பை வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு, இரத்தம் முற்றாக நிற்கும் வரை காம்பைத் திருகுங்கள். வலியில் கத்துவார். கத்தட்டும். பாதியில் விட்டால் நான் மேலே சொன்ன கதைதான். காம்பு திரும்பாதபடி கட்டி, கட்டிய நேரத்தை நெற்றியில் பேனையால் எழுதுங்கள். பிறகு யார் சொன்னாலும் தளர்த்தாதீர்கள். கால் மணிக்கொரு தரம் தளர்த்திக் கட்டு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அது உயிருக்கே ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்குள் வைத்தியசாலைக்குப் போய்விட்டால் பெரும்பாலும் கைகாலுக்கு மோசம் வராது.

அப்பாவுக்கு இது எதுவும் தேவைப்பட்டிருக்காது. முன்னங்கை வெட்டு அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும்.

வியர்வை, தாகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் வைத்தியத்தில் ஷொக் என்கிறோம். பயந்துபோவதற்கும் கரண்ட் அடிப்பதற்கும் நாம் அதே சொல்லைப் பாவிப்பதால் குழம்பாதீர்கள். இது உடம்பில் இரத்தம் போதாமல், மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் எட்டாமல் போகும் நிலை. வளர்ந்த ஆளுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம். முக்கால் லீற்றர் வரை போனாலும் உடம்பு பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. ஒன்றரை லீற்றரைத் தாண்டினால் அமுக்கம் சடாரென்று விழும். 10 கிலோக் குழந்தைக்கு மொத்தமே முக்கால் லீற்றருக்குச் சற்று மேல்தான். ஒரு தேநீர்க் கோப்பை அளவு போனாலே அது கால்வாசி. குழந்தைக் காயத்தில் இரத்தத்தைக் கண்ணால் மட்டுக் கட்டி, கொஞ்சம்தானே என்று இருக்காதீர்கள்.

முதலில் முகம் வெளுக்கும், தோல் குளிர்ந்து பிசுபிசுக்கும், நாடி வேகமாகத் துடிக்கும், அந்தரப்படுவார். காயப்படாத கையில் ஒரு நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெள்ளை மாறிச் சிவப்பு வர இரண்டு செக்கனுக்கு மேல் எடுத்தால் ஷொக் என்றே நினையுங்கள். அதுவரை அந்தரப்பட்டவர் திடீரென்று அமைதியானால் வலி குறைந்துவிட்டது என்று ஆறுதல்படாதீர்கள். நான் மிகவும் பயப்படுவது அந்த அமைதிக்குத்தான்.

படுக்க வையுங்கள். கால் முறிவோ முதுகில் அடியோ இல்லாவிட்டால் கால்களை ஒரு அடி உயரத்துக்குத் தலையணையில் வையுங்கள். போர்வையால் மூடுங்கள், யாழ்ப்பாணத்து வெயிலாக இருந்தாலும் மூடுங்கள்; உடம்பு குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது. சோடா கொடுத்தது பிழை. தாகம் வருவது இரத்தம் போனதால். அவர் கேட்பார், பார்க்க மனம் கேட்காது, ஆனாலும் கொடுக்கக்கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது சுவாசப்பைக்குள் போய்விடலாம். ஈரத் துணியால் உதட்டை நனையுங்கள், அது போதும்.

கோப்பித்தூள், மஞ்சள், சீனி, சுண்ணாம்பு, மருந்துக்கடையில் வாங்கிய கப்சூலை உடைத்த தூள்: எல்லாம் ஒரே கதைதான். இரத்தத்தோடு சேர்ந்து கருஞ்சேறாகக் காய்ந்துவிடும். தையலுக்கு முன் அதை உப்பு நீரால் கழுவி, இடுக்கி போன்ற கருவியால் துகள் துகளாக எடுத்தவள் நான். வலியில் பெரிய ஆண்களே அழுவார்கள். சின்னக் காயமா, சவர்க்காரமும் சுத்தமான ஓடும் தண்ணீரும் போதும். பெரிய காயமா, அழுத்திக்கொண்டு வாருங்கள், கழுவுவதை எங்களிடம் விடுங்கள். ஏற்பூசி கட்டாயம் தேவை, அழுக்குக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேலென்றால் மீண்டும் போட வேண்டும். ஆனால் அது ஏற்புவலியை மட்டும் தடுக்கும். ஏற்பூசி போட்டாச்சு, இனிப் பயமில்லை என்று அனுப்புகிற இடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சரி, அந்த ஓட்டோ. உயிர் காத்த ஓட்டோக்காரர்கள் நூறு பேரை எனக்குத் தெரியும், காசு வாங்காமல் போனவர்களையும் தெரியும். ஆனால் நோயாளியைக் கொண்டுபோய் இறக்கினால் கையில் காசு வைக்கிற இடங்களும் இருக்கின்றன. வாங்கியவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்த இடத்துக்குப் போவது என்பதை நீங்கள் முடிவெடுங்கள். கை வெட்டுக்குத் தைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு விரலையும் தனித்தனியே மடக்கி நீட்டச் சொல்வது, ஒவ்வொரு விரல் நுனியிலும் பஞ்சால் தொட்டு உணர்கிறதா என்று கேட்பது. இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் ஊசியை எடுப்பவரிடம் கையைக் கொடுக்காதீர்கள். அப்பாவின் நாண் அன்றைக்கே அறுந்திருந்தது. அதன் மேல் தோலைத் தைத்து மூடிவிட்டார்கள்.

1990 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் வைத்து மற்ற மாகாணங்களுக்கும் விரிக்கத் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவை. இன்னும் அது இலவசம் என்று தெரியாத வீடுகள் இருக்கின்றன. எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்ல, பக்கத்துக் கோயில், சந்தி, பள்ளிக்கூடம் என்று ஒரு அடையாளத்தை இப்போதே யோசித்து வையுங்கள். பொலிஸ் கேஸாகிவிடும் என்று பயந்து விபத்துக் காயத்தை மறைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். சிகிச்சைதான் முதலில், பதிவு பிறகு. ஆனால் மக்கள் பயப்படுவதில் நியாயம் இல்லை என்றும் சொல்லமாட்டேன். துண்டுச் சீட்டு எங்கே, யார் கொண்டுவந்தது, எப்படி நடந்தது என்று வாசலிலேயே மூன்று பேர் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? ஒருமுறை ஒரு பாடசாலையில் முதலுதவி வகுப்புக்குப் போனேன். பெட்டி சுவரில் அழகாக மாட்டியிருந்தது, பூட்டியும் இருந்தது. திறப்பு அதிபரிடம், அதிபர் கூட்டத்தில். திறந்து பார்த்தால் மஞ்சள் படிந்த பஞ்சும் காய்ந்துபோன பிளாஸ்ரரும். பிள்ளைகளுக்கு அணிவகுப்பு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு துணியை 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

வீட்டில் பெட்டி வாங்க வேண்டாம். தோய்த்துக் காயவைத்த வேட்டித் துண்டுகள் நாலைந்தைப் பொலித்தீன் பையில் போட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கொழுவி வையுங்கள். கதவில் 1990 என்று எழுதுங்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று. நாண் தைத்த கைக்கு எண்ணெய் தடவ, மருந்துப் புக்கை கட்ட யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். விரல் பயிற்சியைச் சிகிச்சையாளர் சொன்னபடி மட்டும் செய்யட்டும். பொதுவாக 12 வாரம் வரை அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. விரல் முன்னை விடக் குறைவாக மடங்கினாலோ, காயம் சிவந்து சூடாகிச் சீழ் வைத்தாலோ, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். அதுவரை ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேறு யாரையாவது பாருங்கள். கொக்கத்தடியில் கத்தியைக் கம்பியால் இறுக்கிக் கட்டிய பிறகு.